டயர்டு தமிழ் வார்த்தை

அவள் பெயரை எழுதப் போவதில்லை. இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறவள். இதை யாராவது படித்துவிட்டு "இது நீயா?" என்று கேட்டால், "ஆமா, நான்தான்" என்று சொல்லிவிடுவாள். அப்படிச் சொல்லிவிடுகிற குணம்தான் அவளை எங்கள் கம்பெனியிலிருந்து வெளியே அனுப்பியது.

கூடப் பிறக்காவிட்டாலும் எனக்கு அவள் அக்கா. கம்பெனி பஸ்ஸில் மற்றவர்களுக்கு 'இங்கிலீஷு'. "இங்கிலீஷு ஏறிடுச்சா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். முதல் ஷிப்டு பஸ் கடம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி, திருவள்ளூரில் எங்களை ஏற்றிக்கொண்டு, பெரியபாளையம், புதுவாயல் வழியாகக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகும். ஏறினவுடன் எல்லோரும் துப்பட்டாவை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்துவிடுவார்கள். பஸ் முழுக்கத் துணி மூடிய தலைகள். அக்கா டிபன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். நான் உட்கார்ந்ததும் இயர்போனின் ஒரு முனையை என் காதில் செருகுவாள்.

"இன்னிக்கு அந்தப் பொம்பள இன்னா குட்த்துகிறா, கேளு."

அந்தப் பொம்பளை அவள் போனில் இருந்த ஒரு ஆப்பில் பேசுகிறவள். காலையில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை அனுப்புவாள். அதைத் தொட்டால், வாயில் வெல்லக் கட்டியை ஒதுக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரல் வார்த்தையைச் சொல்லும். பிறகு அர்த்தம். பிறகு ஒரு வாக்கியம். கம்பெனிக்குள் போனுக்கு அனுமதி இல்லை, கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் அக்கா அன்றைய வார்த்தையைப் பஸ்ஸிலேயே பாடம் பண்ணிவிடுவாள். எங்கும் எழுதி வைக்க மாட்டாள்.

"எய்தி வெச்சா எய்துன எடத்துலயே கெடக்கும்டி. வார்த்தைய சொல்லணும். யாரு மேலயாவது சொல்லணும்."

எனக்கு அந்த நேரத்தில் தூக்கம்தான் பெரிசு. ஒருநாள் இயர்போனைக் கழற்றி அவள் மடியில் போட்டேன். "டயர்டா கீதுக்கா, உடு."

"டயர்டுங்கறது தமிழ் வார்த்தடி," என்றாள்.

"இன்னாக்கா சொல்ற?"

"பின்ன? எங்க மாமியா சொல்றாங்க. டிரைவரண்ணன் சொல்றாரு. எங்க தெருவுல ஆடு ஓட்டிக்கினு போறவரு சொல்றாரு. எல்லாரும் சொல்லிச் சொல்லித் தேஞ்சி பூட்ச்சி. நீ டயர்டுன்னு சொன்னா எவன் திரும்பிப் பாக்கறான்? தேயாத வார்த்த ஒண்ணு வோணும்."

சொல்லிவிட்டு இயர்போனைத் திரும்ப என் காதில் செருகினாள். அவள் வாழ்க்கையில் என்னவெல்லாமோ இருந்திருக்கும். எனக்குத் தெரிந்தவரை அவள் தேடியது அது ஒன்றைத்தான்.

எங்கள் கம்பெனி கார்களுக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டாகச் சேர்த்து அனுப்புகிறது. கதவு அகலத்துக்குப் பெரிய பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக நகர்ந்து வரும். பலகையில் குத்தியிருக்கிற முளைகளில் வயர்களை ஓட்டி, கிளிப் மாட்டி, டேப் சுற்றிக்கொண்டே கூடவே நடக்க வேண்டும். நம் வேலை முடிந்ததும் அடுத்த பலகைக்குத் திரும்பி வர வேண்டும். பகல் முழுக்க நடப்போம். சாயங்காலம் பார்த்தால் ஷெட்டின் அதே தூணுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்போம்.

அங்கே சேர்ந்த புதிதில் அக்கா, வெளிநாட்டிலிருந்து வருகிற அட்டைப்பெட்டிகளின் மேல் சிவப்பில் அச்சடித்திருந்த எழுத்தைக் காட்டி ஸ்டோர் ஆளிடம் என்னவென்று கேட்டாளாம். பக்கத்தில் கிளாஸ் படம் போட்டிருந்ததால் அவர் "கண்ணாடி" என்றாராம். பிரித்துப் பார்த்தால் உள்ளே பிளாஸ்டிக் சாமான். சூப்பர்வைசரைக் கேட்டால், "மெதுவா எடுன்னு அர்த்தம். போய் வேலயப் பாரு" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் போனில் தேடியதுதான் ஆரம்பம். ஃப்ராஜைல். சுலபத்தில் உடைந்துவிடக்கூடியது.

"டப்பா மேல எய்தி ஒட்டிக்கிறாங்க, தூக்கறவன் பதமா தூக்கறான்," என்று என்னிடம் சொன்னாள். "மனுசி மேல ஒட்னா எப்டி இருக்கும்?"

அதற்குப் பிறகு அவள் கண்ணில் பட்டதெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர் மாறியது. கேன்டீன் பூரி 'சாகி' ஆனது. எண்ணெயில் ஊறித் தொங்கும் அது, அந்தப் பெயரைச் சொன்னாலே இன்னும் கொஞ்சம் தொங்கியது. சாப்பாட்டு வரிசையின் கூச்சல் 'ஹல்லபலூ'. எப்போதும் சிடுசிடுக்கிற சூப்பர்வைசர் 'கிரம்பி'. அவர் வரும்போது வரிசையின் முதல் ஆள் மெல்ல "கிரம்பி" என்பாள், கடைசிவரை அது போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் பஸ் நினைத்தால் ஓடும், நினைத்தால் பெரியபாளையம் தாண்டி வயல் நடுவில் நின்றுவிடும். அதற்கு 'விம்ஸிக்கல்' என்று வைத்தாள். "கோச்சிக்காதண்ணா, உன் வண்டி விம்ஸிக்கல்" என்று டிரைவரிடமே சொன்னாள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு மற்ற டிரைவர்களிடம் பெருமை பேசிக்கொண்டு திரிந்தார்.

எல்லாம் பொருந்தியது என்று சொல்ல முடியாது. தொழிற்பேட்டைக்குள் நுழைகிற இடத்தில் ஒரு இரும்பு உருக்குகிற கம்பெனியின் புகைக்கூண்டு இருக்கிறது. அதிலிருந்து வருகிற புகையைப் பார்த்து 'ஃப்ளம்பாயன்ட்' என்றாள்.

"அது ஷோக்கா ட்ரஸ் பண்றவங்களுக்கு சொல்றதுன்னு அந்தப் பொம்பள சொன்னாளேக்கா?"

"அந்தப் பொகையப் பாரேன். எப்டி ஆட்டிக்கினு போவுது."

பஸ்ஸில் சிலருக்கு அவள்மேல் எரிச்சல் இருந்தது. வீட்டில் சமைத்து வைத்துவிட்டு, அரைத் தூக்கத்தில் வந்து உட்காருகிறவர்களுக்குக் காதோரம் ஒருத்தி இங்கிலீஷை முணுமுணுத்துக்கொண்டு வந்தால் எரிச்சல் வராதா? "இன்னா, கலெக்டராவப் போறியா?" என்று பின் சீட்டிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"கலெக்டருக்கு இதெல்லாம் எதுக்குடி?" என்றாள் அக்கா. "அவங்க டயர்டுன்னு சொன்னாலே நாலு பேரு சேரு எட்த்துக்கினு ஓடியாருவாங்க."

அவள் வீட்டுக்காரர் அந்தப் புகைக்கூண்டு கம்பெனியில்தான் வேலை. அவருக்குப் பெரும்பாலும் எதிர் ஷிப்டு. நாங்கள் இறங்குகிற நேரத்தில் அவர் கம்பெனி வேன் வெளியே வரும். இவள் கையைத் தூக்குவாள், அவர் தலையை ஆட்டுவார். வாரத்தில் பாதி நாள் குடித்தனம் அவ்வளவுதான். மகள் திருவள்ளூரில் இங்கிலீஷ் மீடியம் படித்தாள். மகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் இவள் கற்றுக்கொள்கிறாள் என்று எல்லோரையும் போல நானும் நினைத்தேன்.

"அதுக்கு ஸ்கூல்ல குடுக்கறாங்க. இது எனக்கு," என்றாள். கொஞ்சம் கழித்து, "ஸ்கூல் மீட்டிங்ல பேசாதம்மான்னு சொல்லிடுச்சி. நான் சொல்றது வேற மாதிரி வருதாம். பிள்ளைங்க சிரிக்கிதாம்" என்று சொல்லிச் சிரித்தாள். அன்றைக்குப் புதுவாயல் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இயர்போன் அவள் கையிலேயே சுருட்டிக் கிடந்தது.

அவளைக் கேலிக்காரி என்றுதான் நானும் கொஞ்ச நாள் எண்ணியிருந்தேன். என் அப்பா போனபோது அது மாறியது. காரியம் முடிவதற்கு முன்பே நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. லீவு இல்லை. பஸ்ஸில் எல்லோரும் எழுந்து வந்து கையைப் பிடித்தார்கள். "அழுவாத", "இன்னா பண்றது", "வயசாயிடுச்சில்ல" என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்கு எதுவும் உள்ளே போகவில்லை. பெரியபாளையம் தாண்டியதும் அக்கா காதருகே வந்து சொன்னாள்:

"உனுக்குன்னு தேடிப் பாத்தேன். அந்தப் பொம்பள குடுக்கல, நானே தேடி எடுத்தேன். பிரெஃப்ட்."

"அப்டின்னா?"

"உங்கிட்ட இருந்தத ஒருத்தன் கேக்காம கொள்ளாம பிடுங்கிக்கினு போயிட்டா, அப்பறம் நீ எப்டி நிப்ப? அது."

அன்று முழுவதும் டேப் சுற்றும்போது அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிரெஃப்ட், பிரெஃப்ட் என்று ஒவ்வொரு சுற்றுக்கும். அழுகை அப்போதுதான் வந்தது. பக்கத்துப் பலகையிலிருந்து அக்கா என் கிளிப்புகளையும் சேர்த்து மாட்டிக்கொண்டு நடந்தாள். அந்த வார்த்தை சரியா தப்பா என்று இன்றுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை. எனக்காக ஒருத்தி தேடினாள், அது போதும்.

பிறகு ஒரு காலம் வந்தது, வாரத்தில் எந்த நாளும் லீவு இல்லை. ஆர்டர் அதிகம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமையும் பஸ் வந்தது. ஷிப்டு முடிந்தும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நிற்க வைத்தார்கள். பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டும், இருந்ததே ரெண்டு டோக்கன். ஒரு பெண் பலகை மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். 'காலை உணவு உண்ணவில்லை' என்று எழுதிக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். என் முட்டிக்குக் கீழே இரண்டு காலும் சாயங்காலத்தில் என்னுடையதாக இருக்காது. பஸ்ஸில் யாரும் யாரையும் கேலி பண்ணுவதுகூட நின்றுவிட்டது.

அந்த நாட்களில் ஒரு காலை அக்கா என் தோளை உலுக்கி எழுப்பினாள். "கேளு, கேளு. ராம்ஷேக்கிள்."

குரல் காதில் சொன்னது. ராம்ஷேக்கிள். இற்றுப்போய், விழுகிற நிலையில் இருப்பது. பிறகு வாக்கியம்: மலைமேல் ஒரு ராம்ஷேக்கிள் வீடு.

"உய்ற மாதிரியே கீது. ஆனா உய்ல. நின்னுக்கினுதான் கீது," என்றாள் அக்கா. அவள் முகம் தெளிந்திருந்தது. எத்தனையோ நாளாகத் தேடிய சாவி கிடைத்த மாதிரி. "இது நாமதான்டி."

"அது ஊட்டுக்கு சொல்றதுக்கா."

"தெர்து. ஆளுக்கு சொன்னா இன்னா? சொல்லிப் பாரேன், ராம்ஷேக்கிள். வாயிலயே சரிஞ்சி உய்து பாரு."

அவள் சொன்னது உண்மை. வாயிலேயே சரிந்துதான் விழுந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை எங்களிடம் வயர் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆடிட் என்று சோதனைக்கு வருவார்கள். வருவதற்கு முன்னால் ஷெட்டைக் கழுவுவார்கள், பாத்ரூமில் சோப்பு வைப்பார்கள், டோக்கன் காணாமல் போகும். எச்.ஆர். அதிகாரி எங்களை நிற்க வைத்துப் பாடம் நடத்துவார். "ஹவ் ஆர் யூன்னு கேட்டா, ஃபைன் சார். வேலை எப்படின்னா, குட் சார். சாப்பாடு, வெரி குட் சார். வேற ஏதாவது கேட்டா புரியலன்னு சிரிங்க. சிரிச்ச முகமா இருந்தா அவங்களே போயிடுவாங்க." பேசுவதற்கென்று நான்கு பெண்களைத் தேர்ந்தெடுத்து, முன்வரிசைப் பலகைகளில் நிற்க வைத்தார். அக்காவைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவளையும் என்னையும் பின்னால், ஸ்டோர் மாடிக்குப் போகிற இரும்புப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிவிட்டார்.

வந்தவர் உயரமான வெள்ளைக்காரர். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு நடந்தார். முன்வரிசைப் பெண்கள் ஃபைன் சார், குட் சார் சொன்னார்கள். அவர் தலையாட்டிக்கொண்டே அவர்களைத் தாண்டி நேராகப் பின்னால் வந்துவிட்டார். எச்.ஆர். கூடவே ஓடி வந்தார். அக்காவின் பலகை முன் அந்த வெள்ளைக்காரர் நின்றார்.

என்ன கேட்டார் என்று எனக்குப் புரிந்தது, ஏனென்றால் அதுதான் பாடத்தின் முதல் கேள்வி. எப்படி இருக்கிறீர்கள்?

அக்கா டேப்பைக் கையில் பிடித்தபடி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ராம்ஷேக்கிள் சார்," என்றாள்.

அவருக்குக் கேட்கவில்லை. குனிந்து, காதிலிருந்த பஞ்சை எடுத்தார்.

"ராம்ஷேக்கிள் சார். ஹியர், எவ்ரிபடி ராம்ஷேக்கிள்." கையை நீட்டி எங்கள் வரிசையைக் காட்டினாள்.

அவர் முகம் மலர்ந்தது. அந்த வார்த்தையை இப்படி ஒரு இடத்தில் கேட்போம் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். அவரும் ஒருமுறை அதைச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவள் கை காட்டிய பக்கம் பார்த்தார். எங்களைத் தாண்டிப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் அந்தப் படிக்கட்டு இருந்தது. நேராக அங்கே போனார். முதல் படியில் கால் வைத்தார். படிக்கட்டு முழுசும் ஆடியது. நட்டு கழன்ற கைப்பிடி அவர் பிடித்ததும் தனியாக வந்தது. மேலே பார்த்தார். கூரைத் தகட்டில் துரு விழுந்த ஓட்டை வழியாக வெயில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

"நோ சார்!" என்று அக்கா கத்தினாள். "நாட் ஸ்டெப் சார். வீ! வீ லேடீஸ்!"

மெஷின் சத்தத்தில் அது போய்ச் சேரவில்லை. அவர் திரும்பி அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எச்.ஆர். கையிலிருந்த துண்டுத்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். அதற்குள் அக்காவின் பலகை அவளை விட்டுவிட்டு நகர்ந்து போயிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்து வரிசை நின்றது.

மறுநாள் எச்.ஆர். ரூமுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். பக்கத்துப் பலகை என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். ஏசி ரூமில் இரண்டு பேரும் நின்றோம்.

"யார் சொல்லிக் கொடுத்தது?" என்று எச்.ஆர். அதிகாரி கேட்டார்.

"ஆப்பு சார்."

"என்னது?"

"ஆப்பு சார். போன்ல கீது. தெனம் ஒரு வார்த்த வரும்."

"நல்லா வச்ச எனக்கு ஆப்பு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அவருக்கும் அன்று தூக்கம் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. "படிக்கட்டு ஆடுதுன்னா என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல? வெளிநாட்டுக்காரன்கிட்டதான் சொல்லணுமா?"

"நான் படிக்கட்ட சொல்ல சார். எங்களச் சொன்னேன்."

"உங்களுக்கு என்ன?"

அவ்வளவு வார்த்தை வைத்திருந்தவள் அதில் எதையும் எடுக்கவில்லை. "உய்ற மாதிரி கீறோம் சார்," என்றாள். "ஆனா உய்ல."

"விழலை இல்ல?" என்றார் அவர். "அப்புறம் என்ன?"

வெளியே வந்தோம். அக்கா கேட்வரை நடந்து வந்து, "சரியாத்தான் கேட்டாரு, இல்ல?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

வேலைகள் மளமளவென்று நடந்தன. பழைய படிக்கட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைத்தார்கள், மஞ்சள் பெயின்ட் அடித்து, ரெண்டு பக்கமும் கைப்பிடியோடு. கூரைத் தகடு மாற்றினார்கள். பாதுகாப்பே முதல் என்று போர்டு மாட்டினார்கள். மாடிக்கு டிரே சுமந்துகொண்டு ஏறி இறங்குகிற அம்மா ஒருத்தர் இருந்தார். பழைய படியில் ஒருமுறை சறுக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பல நாள் நடந்தவர். புதுப் படியில் முதல் நாள் ஏறி இறங்கிவிட்டு அக்காவிடம் வந்தார். "ஆடவே இல்லமே," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்கு அதில் சந்தோஷம்தான். "போவட்டும், ஒரு உருப்படியாவது நேராச்சி," என்றாள்.

நாங்கள் அப்படியேதான் இருந்தோம். டோக்கன் திரும்ப வந்தது. சொல்லப்போனால் கெடுபிடி கொஞ்சம் கூடியது, அதற்கும் அவளைத்தான் சிலர் திட்டினார்கள். அவளுடைய கான்ட்ராக்ட் முடிகிற நாள் வந்தபோது, மற்றவர்களுக்குப் புதுப்பித்த மாதிரி அவளுக்குப் புதுப்பிக்கவில்லை. ஆடிட்டால்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஆள் குறைக்கிறோம் என்றார்கள். குறைத்தது அவளை மட்டும்தான்.

கடைசி நாள் பஸ்ஸில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தோம். இயர்போன் வெளியே வரவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, "இன்னிக்கு அந்தப் பொம்பள இன்னா குட்த்தா?" என்று கேட்டேன்.

"தொறக்கலடி. ஊட்ல போயி வேல பூட்ச்சின்னு சொல்லணும். அதுக்கு எந்த வார்த்தையும் தேட வோணாம். சொன்னா ஒடனே எல்லாருக்கும் புரியும்."

திருவள்ளூரில் நான் இறங்கினேன். பஸ் கடம்பத்தூர் பக்கம் போனது. அவள் கையைத் தூக்கினாள், வீட்டுக்காரருக்குத் தூக்குகிற மாதிரி.

அடுத்த ஆடிட்டுக்கு அந்த வெள்ளைக்காரர் வரவில்லை. வேறு ஒருவரும், கூடவே சென்னையிலிருந்து ஒரு பெண்ணும் வந்தார்கள். எச்.ஆரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் எங்களில் சிலரை ஒரு ரூமில் உட்கார வைத்துத் தமிழில் கேட்டார். "எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா இருக்கோம் மேடம்," என்றேன். வாய் தானாகச் சொன்னது.

அவர் பேனாவை மூடி வைத்தார். "சாயங்காலம் பஸ் ஏறும்போது எப்படி இருக்கும்?"

அக்கா காதில் ஊற்றிய வார்த்தைகள் எல்லாம் எனக்குள் வரிசையாக எழுந்து நின்றன. ஃப்ராஜைல், ராம்ஷேக்கிள், இன்னும் எத்தனையோ. என் வாயில் வந்தது ஒன்றுதான். "கால் வலிக்குது மேடம்." அதைச் சொல்லும்போது எனக்கு ஏன் அழுகை வந்ததென்று தெரியவில்லை. எந்த இடத்தில் என்று கேட்டார். குனிந்து, முட்டிக்குக் கீழே தொட்டுக் காட்டினேன். பக்கத்தில் இருந்தவளும் குனிந்தாள்.

கொஞ்ச நாளில் ஸ்டூல்கள் வந்தன. நகர்கிற பலகையோடு நடக்கிறவர்கள் உட்கார முடியாது. செக்கிங் மேசைகளுக்கு மட்டும் போட்டார்கள், முறை வைத்து ஆளுக்குக் கொஞ்ச நேரம். டோக்கன் இன்னும் இருக்கிறது. ஆனால் ஸ்டூல் வந்தது.

ஸ்டூல் வந்த அன்று, திரும்புகிற பஸ்ஸில் அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் அப்போது திருவள்ளூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷனில் இருந்தாள். எடுத்தவுடன் மூச்சு வாங்காமல் பேசினாள்.

"இங்க கலருக்கெல்லாம் பேரு கீதுடி. நாம பொத்தாம்பொதுவா ரோஸுன்றோம் இல்ல, அதுல ஃபியூஷா வேற, மஜெந்தா வேற, சால்மன் வேற. சால்மன்னா மீனாம். மீன் கலர்ல ஒரு சேலை! ஒரு அம்மா வந்து, 'ஒரு மாதிரி செவப்பு, ஆனா செவப்பு இல்ல'ன்னு கைய ஆட்டிக்கினு நிக்கறாங்க. பர்கண்டியா மேடம்னேன். அசந்து பூட்டாங்க."

நான் ஸ்டூல் வந்த கதையைச் சொன்னேன்.

"அய்ய! நீ இன்னா சொன்ன?"

"கால் வலிக்குதுன்னேன்."

"அவ்ளோதானா? இத்தினி நாளு எங்கூட குந்திக்கினு வந்து, உனுக்கு வேற ஒண்ணும் வாயில வர்லியா?" சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தப் பக்கம் கடையின் பாட்டு கேட்டது.

"அந்த ஸ்டூலு, சாஞ்சிக்கற மாதிரியா?"

"இல்லக்கா. முதுகு இல்ல. வெறும் ஸ்டூலு."

"பரவால்ல. காலத் தொங்கப் போட்டுக்கலாமில்ல?"

"போட்டுக்கலாம்."

"ம்," என்றாள். "இங்கயும் ஸ்டூலு கீதுடி. கஸ்டமருக்கு."

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வெக்கறேன்," என்று சொல்லி வைத்துவிட்டாள். எங்கள் பஸ் பெரியபாளையம் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் கடை மூடுவதற்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.